ஆசிட் கேனைக் கீழே வையுங்கள்

பழைய வீட்டை வாங்கியவர்களும், பெற்றோர் கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தவர்களும் முதலில் முகம் சுளிப்பது குளியலறைத் தரையைப் பார்த்துத்தான். வந்து போகும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பாதிப் பேர் "இடித்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடு" என்பார்கள். மீதிப் பேர் "ஒரு கேன் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்" என்பார்கள். இரண்டையும் மறுத்துப் பேசவே இதை எழுதுகிறேன். பழைய தரைகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது காலமும் அல்ல, தண்ணீரும் அல்ல. கறையை எடுப்பதாக நினைத்துப் பல ஆண்டுகள் ஊற்றப்பட்ட ஆசிட்தான்.

நான் இருப்பது கோயம்புத்தூரில், என் பெற்றோர் 1979-இல் கட்டிய வீட்டில். மூன்று குளியலறைகளிலும் மூன்று வகைத் தரை. முன்னறையை ஒட்டியது மொசைக்: வெள்ளை சிமென்ட்டில் கறுப்பும் சாம்பலும் இளம்பச்சையுமாகப் பளிங்குச் சில்லுகள், நடுவே கறுப்புக் கண்ணாடிப் பட்டை. மாடியில் இருப்பது 1990-களில் போட்ட பீங்கான் டைல்ஸ். கொல்லைப்புறத்தில், முன்பு விறகு பாய்லர் இருந்த குளியலறையில், காவி போட்டு மெழுகிய சிமென்ட் தரை. மூன்றிலும் கறை இருந்தது. ஆனால் மூன்றும் ஒரே கறை அல்ல, மூன்றுக்கும் ஒரே மருந்தும் அல்ல. இதைப் புரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்துவிடும்.

முதலில் தண்ணீர். எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்திலும் அதே மொசைக் தரைதான். அதே மேஸ்திரி, அதே ஆண்டு, அதே சில்லு. அங்கே வருவது சிறுவாணித் தண்ணீர். தினமும் கரியும் புளியும் எண்ணெயும் பட்ட அந்தத் தரையில் வெள்ளைப் படிவு என்று ஒன்றுகூட இல்லை. குளியலறைக்கு வருவது போர் தண்ணீர், நாங்கள் உப்புத் தண்ணீர் என்று சொல்வது. அங்கே குழாய்க்கு நேர் கீழே விரல் நகம் கனத்துக்கு வெள்ளைப் பாறை. மலைத் தண்ணீர் மண்ணுக்குள் அதிகம் தங்காமல் வருவது. போர் தண்ணீர் பல நூறு அடி ஆழத்தில் பாறை இடுக்குகளில் கிடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருவது. வெளியே வந்ததும் அதில் கரைந்திருந்த கரியமில வாயு பிரிந்துபோக, கால்சியம் கார்பனேட் திரண்டு படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் எதனால் ஆனவையோ அதே பொருள். சூடு இதை வேகப்படுத்தும் என்பதால்தான் கீசர் குழாய்க்குக் கீழே படிவு எப்போதும் கனமாக இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குளிக்கும் தண்ணீரை யாரும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பதில்லை. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது 900-ஐத் தொட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் நான்கு பேர் குளிக்கிறார்கள். ஒவ்வொருவர் குளித்த பிறகும் வடியாமல் தரையிலேயே 100 மில்லி தங்கிக் காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 மில்லி. அதில் உள்ள கடினப்பொருள் 360 மில்லிகிராம். ஆண்டுக்கு ஏறக்குறைய 130 கிராம். இதில் ஒரு பகுதி மறுநாள் தண்ணீரில் கரைந்து போய்விடும். கரையாத பங்கு தங்கும். நாற்பது ஆண்டுகளுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். கழுவவில்லை, தேய்க்கவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. எங்கள் அம்மா வாரம் தவறாமல் தேய்த்த தரை அது.

இனி ஒரு சோதனை. பைசா செலவில்லாதது, ஆனால் இதைச் செய்யாமல் எந்தக் கறையிலும் கை வைக்காதீர்கள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி, கறையின்மேல் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புப் படிவு. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த பாதி: கதவுக்குப் பின்னால், கறையே இல்லாத ஒரு மூலையில், வெறுந்தரையின்மேல் இன்னொரு சொட்டு விட்டு, உற்றுக் கவனித்து, உடனே துடைத்துவிடுங்கள். பீங்கான் டைல்ஸ் என்றால் ஒன்றும் நடக்காது. மொசைக், பளிங்கு, சிமென்ட் என்றால் அந்த வெறுந்தரையிலும் நுண்ணிய குமிழிகள் எழும். கறையும் தரையும் ஒரே பொருளால் ஆனவை என்று அந்தச் சொட்டு சொல்கிறது. அமிலத்துக்குக் கறை எது, தரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகத்தான் கரைக்கும்.

மொசைக் தரையில் ஆசிட் ஊற்றினால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் முறை அது அற்புதமாக வேலை செய்வதுபோல் தெரியும். வண்டிகளில் கேன் கேனாக வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் பொங்கி, ஐந்து நிமிடத்தில் தரை வெளுத்துவிடும். வெளுத்தது கறை போனதால் மட்டும் அல்ல. மேஸ்திரி நாள் கணக்கில் கல் வைத்து இழைத்து ஏற்றிய மெருகு, தரையின் மேல்தோல், அதோடு போய்விட்டது. கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். சில்லுகள் குழியும், அவற்றைப் பிடித்திருக்கும் சிமென்ட் உதிரும். அந்தக் குழிகளில் மறுநாள் முதல் சோப்பும் அழுக்கும் பாசியும் முன்னைவிட ஆழமாகப் போய் உட்காரும். மூன்று மாதத்தில் தரை முன்னைவிடக் கறுப்பாகும். மறுபடி ஆசிட். இப்படியே போய், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் "இந்தத் தரை இனித் தேறாது, இடித்துவிடலாம்" என்ற முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்.

டைல்ஸ் போட்டவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. பீங்கானின் மேற்பூச்சு தாங்கும். ஆனால் டைல்ஸுக்கு இடையே உள்ள ஜாயின்ட்டில் அந்தக் காலத்தில் நிரப்பியது ஒயிட் சிமென்ட். ஒவ்வொரு ஆசிட் வாஷிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். பிறகு அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பெயர்ந்து, கம்பி துருப்பிடிக்கும் வரை யாருக்கும் காரணம் தெரியாது. பிளம்பரை அழைத்துக் குழாயைத் தோண்டிப் பார்ப்பார்கள். குழாயில் ஒன்றும் இருக்காது.

ஆசிட் புகையும் சும்மா போவதில்லை. குரோமியம் பூசிய குழாய்கள், எவர்சில்வர் தாழ்ப்பாள், கதவுக் கீல் எல்லாம் துருப் புள்ளி புள்ளியாக வருவதற்கு மூடிய குளியலறையில் எழுந்த அந்தப் புகையே போதும்.

ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கறை என்பது தரையின்மேல் வந்து சேர்ந்தது. அரிப்பு என்பது தரையிலிருந்து போய்விட்டது. மொசைக்கில் மங்கலாக, வெளிறிய திட்டாகத் தெரிவதை எத்தனை மருந்து போட்டுத் தேய்த்தாலும் எடுக்க முடியாது. எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு மறு இழைப்பு ஒன்றுதான் வழி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஆசிட்டை வாங்குபவர் ஒருவர், ஊற்றித் தேய்ப்பவர் இன்னொருவர். பெரும்பாலான வீடுகளில் ஊற்றித் தேய்ப்பது வேலைக்கு வரும் பெண். செருப்பில்லாத கால், உறையில்லாத கை, ஜன்னல் என்ற பெயரில் ஒரு சிறு வென்டிலேட்டர். குனிந்து தேய்க்கும்போது முகம் தரையிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கும். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒருவரின் உள்ளங்கை முழுக்க வெடிப்பு. ஆசிட் வாஷ் செய்த இரவெல்லாம் இருமல் என்றார். ஆனால் செய்ய மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும் என்றும் சொன்னார். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நிற்கிற ஓர் அறைக்குள் இன்னொருவரை அனுப்பிக் கதவைச் சாத்துவது எந்த வகையிலும் சரியல்ல. தரை பளபளக்க ஒரு மனுஷியின் நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்கு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. அமில வீச்சுக்கு ஆளான ஒரு பெண் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. ஆனாலும் பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று கூவிக்கொண்டு வரும் வண்டியில், பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி அதைக் கொடுப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். குழந்தை இருக்கும் வீட்டில் குளிர்பான பாட்டிலில் ஆசிட் இருப்பதைவிட ஆபத்தானது வேறு என்ன இருக்கிறது? கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ஆசிட் இல்லாமல் எப்படி?

பீங்கான் டைல்ஸ் என்றால் எளிது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் வெள்ளையாகப் படிகம் தருவார்கள். அது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரையுங்கள். இதுவும் அமிலம்தான், ஆனால் புகையாது, தோலைப் பொசுக்காது. முதலில் டைல்ஸை, குறிப்பாக ஜாயின்ட்டுகளை, வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். இடுக்குகள் தண்ணீரை முன்பே குடித்துவிட்டால் அமிலம் உள்ளே இறங்காது. பிறகு பழைய பருத்தித் துணியைக் கரைசலில் நனைத்துப் படிவின்மேல் போட்டு, கால் மணி நேரம் விடுங்கள். ஊற்றிவிட்டுத் தேய்ப்பதற்கும் துணியை விரித்துக் காத்திருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஊற்றியது வாட்டம் இருக்கும் பக்கம் ஓடிவிடும்; துணியில் இருப்பது படிவின்மேலேயே தங்கி வேலை செய்யும். பிறகு தேங்காய் நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கனமான படிவு ஒரே முறையில் போகாது. நாளைக்கு மறுபடி போடுங்கள், நாளை மறுநாளும் போடுங்கள். நாற்பது ஆண்டுகளில் சேர்ந்ததை ஒரு பிற்பகலில் எடுத்தே தீர வேண்டும் என்ற அவசரம்தான் ஆசிட் கேனைத் தேடவைக்கிறது.

மொசைக்கில் அமிலத்தை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். அங்கே கையும் கல்லும்தான் நல்ல கருவிகள். படிவு கனமாக இருந்தால், தரையை நனைத்துக்கொண்டு, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பட்டையைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுரண்டுங்கள். இளகிய ஓடு முதலில் பெயர்ந்துவிடும். மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நுண்ணிய கார்போரண்டம் கல். தண்ணீர் விட்டு, வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். மொசைக் இழைக்கும் தொழிலாளர்கள் பயன்படுத்தும் அதே கல்தான் இது, கையடக்கமாக. வெள்ளைப் பால்போல ஒரு குழம்பு வரும். அடிக்கடி கழுவிவிட்டுச் சில்லின் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கல்லால் எட்ட முடியாத மூலைக்கு மட்டும், பஞ்சில் தொட்ட எலுமிச்சை உப்புக் கரைசலை வைத்து, ஒரு நிமிடத்துக்குள் துடைத்துவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவுங்கள். சோடா மிஞ்சிய அமிலத்தை அடக்கிவிடும்.

சமையல் சோடா என்றதும் நினைவுக்கு வருகிறது. வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் காணொளிகள் எங்கும் இருக்கின்றன. பொங்குவதைப் பார்த்தால் கறை கிளம்புவதுபோல் தோன்றும். உண்மையில் அங்கே அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு வகை உப்பு கரைந்த வெறும் தண்ணீர். வினிகர் தனியாகப் பயன்படும், சோடா தனியாகப் பயன்படும். சேர்ந்தால் இரண்டும் வீண். இந்த ஒரு குறிப்பு வீட்டுக்கு வீடு எவ்வளவு உழைப்பை வீணாக்குகிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எலுமிச்சைச் சொட்டுக்கு நுரைக்காத கறைகள் வேறு இனம். சாம்பல் நிறத்தில், விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகுபோலச் சுருண்டு வந்தால் அது சோப்புப் படலம். சுண்ணாம்பு என்றால் பொடியாக உதிரும். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததன் காரணமும் இந்தப் படலமும் ஒன்றுதான்: சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. அதோடு நம் வீடுகளில் எண்ணெய்க் குளியல் வேறு. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று தலைமுறைகளாக நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயும் அரப்பும் போட்டுக் குளித்த தரைகள் இவை. எண்ணெய் காற்றுப்பட்டு இறுகி, பழுப்பு நிற வார்னிஷ்போல ஆகிவிடுகிறது. இதற்கு அமிலம் பயன்படாது, காரம் வேண்டும். சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி, தரையில் பரப்பி அரை மணி நேரம் விட்டு, நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை அவசியம். எங்கள் மொசைக் குளியலறையில் பாதிக் கறுப்பு போனது இந்த ஒரு வேலையில்தான். மொசைக், சிமென்ட், டைல்ஸ் எதையும் இது அரிக்காது. அதனால் எந்தத் தரையாக இருந்தாலும் முதலில் சலவைச் சோடாவால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, பிறகு சுண்ணாம்புக்குப் போங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் எலுமிச்சை உப்பு கீழே எட்டாது.

மஞ்சள் கறையைப் பற்றி அம்மாக்களுக்குத்தான் அதிகம் தெரியும். மஞ்சள் உரசிய இடத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். வெயில் பட்டால் மஞ்சள் தானே வெளுக்கும், துவைத்த துணியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் குளியலறைக்குள் வெயில் ஏது? மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வெள்ளைத் துணியை நனைத்துக் கறையின்மேல் போட்டு, காயாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓர் இரவு விடுங்கள். மருதாணிக் கறைக்கும் இதையே செய்து பார்க்கலாம்.

துருக் கறை பிடிவாதமானது. இரும்பு வாளி, சவரபிளேடு, முக்காலியின் கால் இவை விட்டுப்போன வட்டங்களும் கோடுகளும் ஒரு வகை. போர் தண்ணீரிலேயே இரும்பு இருந்து, குழாயில் தெளிவாக வந்து, காற்றுப்பட்டதும் பழுப்பாகப் படிவது இன்னொரு வகை. இதற்கு பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. அது இரும்பை மேலும் துருவாக்கிக் கறையை உறுதிப்படுத்திவிடும். டைல்ஸ் தரையில் ஆக்ஸாலிக் ஆசிட் நன்றாக வேலை செய்யும்: ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி, பத்து நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர். மொசைக் பாலீஷ்காரர்கள் கடைசிக் கட்டத்தில் தூவித் தேய்ப்பதும் இதே பொடிதான். ஆனால் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஜாயின்ட்டில் கறுப்புப் பூஞ்சைக்கும், மூலைகளில் பச்சைப் பாசிக்கும், வாளிக்குக் கீழே வரும் இளஞ்சிவப்பு வழவழப்புக்கும் பிளீச்சிங் பவுடர் பொருத்தமானது. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொடியை நேராகத் தூவினால் அதில் உள்ள சுண்ணாம்பு தரையில் வெள்ளையாகத் தங்கிவிடும். வாளித் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் எடுத்து ஊற்றுங்கள். கால் மணி நேரம் போதும். பிரித்து வெகுநாள் ஆன பாக்கெட்டில் வீரியம் இருக்காது.

இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் அமிலம் எதுவும் அன்று படக் கூடாது. ஆசிட் மட்டும் அல்ல, கழிவறை கழுவும் திரவமும், வினிகரும்கூட. சேர்ந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் படைவீரர்கள்மேல் ஏவப்பட்டது அதே வாயுதான். இரண்டையும் சேர்த்தால் நன்றாக வெளுக்கும் என்று நம்பி, கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு மருந்து. நன்றாகக் கழுவி, காயவிட்டு, மறுநாள் மற்றது.

கொல்லைப்புறக் காவித் தரையில் இரண்டே கறைகள். பாய்லர் நின்ற இடத்தில் பச்சை வட்டம். அது செம்பின் களிம்பு. பாத்திரம் விளக்குவதற்கு எடுக்கும் புளியையே தொட்டு, சில நிமிடம் தேய்த்துக் கழுவியதில் பெரும்பகுதி போய்விட்டது. மற்றது, ஓரங்களில் பூத்திருந்த வெள்ளை. அது மேலிருந்து வந்தது அல்ல. மண்ணின் ஈரம் சுவரடி வழியாக ஏறி, உப்பைக் கொண்டுவந்து வெளியே பூக்கவைக்கிறது. காய்ந்த பிரஷால் பெருக்கி எடுக்கலாம். ஈரம் நிற்கும் வரை மறுபடி பூக்கத்தான் செய்யும். காவித் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் மெருகு வரும் என்பது உண்மை. கூடத்தில் செய்யுங்கள், குளியலறையில் வேண்டாம். வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுவது கடினம்.

ஏற்கெனவே ஆசிட் தின்ற மொசைக் தரைக்கு மறு இழைப்பு. மெஷின் வைத்திருக்கும் பழைய பாலீஷ்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மொசைக்கின் மேலடுக்கு 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரு முறை இழைத்தால் அதில் கொஞ்சம் குறையும், தரைக்கு ஒன்றும் ஆகாது. முதலில் சில்லு பெயர்ந்த குழிகளை அதே நிற சிமென்ட் குழைத்து நிரப்பி, நன்றாக ஆறவிட்டு, கரடான கல், நடுத்தரக் கல், நுண்ணிய கல் என்று படிப்படியாகப் போவார்கள். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: குளிக்கும் இடத்தில் கண்ணாடிபோல ஆகும்வரை போக வேண்டாம், நடுத்தரக் கல்லோடு நிறுத்துங்கள். கால் பிடிக்க வேண்டும், மெழுகும் பூச வேண்டாம். வந்த பாலீஷ்காரர் வயதில் பெரியவர். இந்தச் சில்லைப் பார்த்தால் எந்த ஊர்க் கல் என்று சொல்லிவிடுவேன் என்றார். கறுப்புச் சில்லு ஒன்றைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் காட்டி, இதை உடைத்து எறியவா நினைத்தீர்கள் என்று கேட்டார். இடித்து, குப்பையை அள்ளி, புதிதாக டைல்ஸ் போட ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் அவர் வாங்கியது. இப்போது அந்த இளம்பச்சை, வீடு கட்டிய ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படியே தெரிகிறது. இரண்டு இடங்களில் மட்டும் வெளிறல் மிஞ்சியிருக்கிறது. இருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு செய்ய வேண்டியவை சின்ன வேலைகள், ஆனால் இவற்றை விட்டுவிட்டால் பட்ட பாடு வீணாகும். டைல்ஸ் ஜாயின்ட்டுகளைக் கூரான கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக நிரப்புங்கள். செலவு கூடினாலும் எபாக்ஸி என்ற பிசின் கலவையைப் போட்டால் அமிலமும் பூஞ்சையும் அண்டாது. ஒயிட் சிமென்ட் என்றால் ஓரிரு நாள் ஈரம் காட்டி ஆறவிட்டு, அதுவரை குளியலறையைப் பூட்டி வையுங்கள். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்; கனமான படிவுகள் எல்லாம் சொட்டுக்கு நேர் கீழேதான் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் வாட்டம் சரியில்லை, அடுத்த கறை அங்கேதான் வரும். கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தண்ணீரை ஜாலிப் பக்கம் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துவைத்துவிட்டு வரட்டும். தரையில் காயும் 400 மில்லி 50 மில்லியாகக் குறைந்தால், ஆண்டுக்கு 130 கிராம் என்ற கணக்கு 16 கிராமாகிவிடும். அதை மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பும் துணியுமே பார்த்துக்கொள்ளும். மொசைக் என்றால் துணிக்குப் பதில் கல்.